ஸ்டாட்டிக் வேரியபிள் யாருக்குச் சொந்தம்?



சி மொழி படித்த எல்லோருக்கும் வைவாவில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "ஸ்டாட்டிக் வேரியபிள் என்றால் என்ன?" நாமும் மனப்பாடமாக வைத்திருக்கும் பதிலைச் சொல்லிவிடுவோம். "ஃபங்ஷனுக்குள்ளே மட்டும்தான் தெரியும் சார். ஆனா ஃபங்ஷன் முடிஞ்ச பிறகும் மதிப்பு அழியாது சார்." எக்ஸ்டர்னலும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். மார்க்கும் கிடைத்துவிடும்.

பதில் சரிதான். ஆனால் அந்த ஒரே ஃபங்ஷனை ஒரே நேரத்தில் இரண்டு பேர் கூப்பிட்டால் என்ன ஆகும்? இதை வைவாவில் யாரும் கேட்பதில்லை. வேலைக்குப் போன பிறகு புரோகிராமே நம்மைப் பார்த்துக் கேட்கும். அதற்கான விடையைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். நமது மலரில் கதை, கவிதைக்கு நடுவே இதையும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கோடை இங்கே தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். லேபில் டைப் செய்யும்போது நீங்களே ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளலாம்.

1. வேரியபிள் எங்கே குடியிருக்கிறது?

ஒரு வேரியபிளுக்கு இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அதன் பெயர் எங்கெங்கே தெரியும் என்பது. இதை ஸ்கோப் என்கிறோம். இன்னொன்று, அது மெமரியில் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பது, இது லைஃப்டைம்.

ஃபங்ஷனுக்குள் எழுதும் சாதாரண லோக்கல் வேரியபிள் ஸ்டாக்கில் இடம் பிடிக்கும். ஃபங்ஷனைக் கூப்பிடும்போது பிறக்கும், திரும்பும்போது போய்விடும். லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்குகிற மாதிரி. காலி செய்த பிறகு அந்த ரூமில் அடுத்த ஆள் வந்துவிடுவார்.

ஸ்டாட்டிக் என்று முன்னால் போட்டுவிட்டால் கதை வேறு. அது ஸ்டாக்குக்கு வருவதே இல்லை. குளோபல் வேரியபிள்கள் இருக்கும் டேட்டா பகுதியில் அதற்கு நிரந்தர இடம் ஒதுக்கப்படும். புரோகிராம் ஆரம்பித்ததிலிருந்து முடியும் வரை அதே முகவரிதான். அதாவது ஸ்டாட்டிக் லோக்கல் என்பது, பெயரை மட்டும் ஃபங்ஷனுக்குள் ஒளித்து வைத்திருக்கும் ஒரு குளோபல். கம்பைலர் பெயரைத்தான் மறைக்கிறது, இடத்தை மறைப்பதில்லை.

இந்த ஒரு வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

2. நூலும் திரெட்டும்

திருப்பூர் பக்கம் திரெட் என்றால் நூல். கம்ப்யூட்டரிலும் அதே சொல்தான்; தமிழில் இழை என்று எழுதுகிறார்கள். பெயர்ப் பொருத்தம் நமக்கு வசதியாகவே இருக்கிறது.

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கமோ, வேறு எங்காவதோ வட்ட நிட்டிங் மெஷின் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே கோன்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கோனிலிருந்தும் தனித்தனி நூல் தனித்தனி ஃபீடர் வழியாக வரும். ஆனால் எல்லா நூலும் போய்ச் சேருவது ஒரே சிலிண்டருக்கு. கோன் தனி, சிலிண்டர் பொது.

ஒரு புரோகிராமுக்குள் பல திரெட் ஓடுவதும் ஏறக்குறைய இப்படித்தான். ஒவ்வொரு திரெட்டுக்கும் சொந்தமாக ஒரு ஸ்டாக் உண்டு. அது அதனுடைய கோன். டேட்டா பகுதியும் ஹீப்பும் எல்லாத் திரெட்டுக்கும் பொது; அது சிலிண்டர். ஆகவே சாதாரண லோக்கல் வேரியபிள் ஒவ்வொரு திரெட்டுக்கும் தனித்தனி. அதன் முகவரியை வெளியே கொடுக்காத வரை அதற்கு ஆபத்து இல்லை. ஸ்டாட்டிக் வேரியபிளோ எத்தனை திரெட் வந்தாலும் ஒன்றே ஒன்றுதான்.

3. பண்டல் நம்பர் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு பனியன் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கட்டிங் முடிந்த பீஸ்களைப் பண்டல் கட்டி, ஒவ்வொரு பண்டலுக்கும் ஒரு டிக்கெட் ஒட்ட வேண்டும். டிக்கெட்டில் ஒரு நம்பரும் பார்கோடும் இருக்கும். டெய்லர் தைத்து முடித்ததும் பார்கோடை ஸ்கேன் செய்தால் அவர் கணக்கில் பீஸ் ரேட் ஏறும். நம்பர் கொடுக்க ஒரு சின்ன ஃபங்ஷன்:

இன்ட் அடுத்த_எண்()
{
    ஸ்டாட்டிக் இன்ட் எண் = 0;
    எண் = எண் + 1;
    ரிட்டர்ன் எண்;
}

அழகான ஃபங்ஷன். லேபில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தால் 1, 2, 3 என்று வரிசை தப்பாமல் வரும். இப்போது கம்பெனியில் இரண்டு கட்டிங் டேபிள். ஒவ்வொன்றிலும் ஒரு டெர்மினல். சர்வர் புரோகிராம் ஒவ்வொரு டெர்மினலையும் ஒரு திரெட்டில் கவனிக்கிறது. இரண்டு டேபிளிலும் ஒரே நொடியில் பட்டனை அழுத்துகிறார்கள்.

"எண் = எண் + 1" என்பது நம் கண்ணுக்கு ஒரு வரி. பிராசஸருக்கு மூன்று வேலை: மெமரியிலிருந்து படி, ஒன்று கூட்டு, திரும்ப மெமரியில் எழுது. இந்த மூன்றுக்கும் நடுவில் இன்னொரு திரெட் நுழையலாம். எண்ணின் மதிப்பு இப்போது 41 என்றால்:

முதல் திரெட்: 41 என்று படிக்கிறது.
இரண்டாம் திரெட்: அதுவும் 41 என்று படிக்கிறது.
முதல் திரெட்: ஒன்று கூட்டி 42 என எழுதுகிறது.
இரண்டாம் திரெட்: ஒன்று கூட்டி 42 என எழுதுகிறது.

டிக்கெட் இரண்டு அடித்தாகிவிட்டது. நம்பர் ஒன்றுதான் நகர்ந்திருக்கிறது. இரண்டு பண்டலிலும் 42. முதலில் ஸ்கேன் செய்தவருக்குக் கூலி ஏறும். அடுத்தவர் ஸ்கேன் செய்தால், "ஏற்கெனவே பதிவானது" என்று புரோகிராம் தள்ளிவிடும். சனிக்கிழமை சம்பளம் போடும்போது பேச்சு இப்படித்தான் போகும்:

"ஏந்தம்பி, இந்த வாரம் நா 60 பண்டலு தெச்சிருக்கேன். கம்ப்யூட்டரு 59ங்குதே?"

"தெரீலீங்க்கா. அதுல என்ன காட்டுதோ அதத்தானுங்க நான் சொல்ல முடியும்."

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை, அக்காவும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு பண்டலின் கூலி போய்விட்டது. இரண்டு திரெட் பந்தயம் கட்டி ஓடுவது போல இருப்பதால் இதை ரேஸ் கண்டிஷன் என்கிறார்கள். யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இதில் கஷ்டம் என்னவென்றால், இது தினமும் வராது. ஆயிரம் தடவை சரியாக ஓடி ஒரு தடவை தப்பும். டீபக் செய்ய நடுவில் பிரிண்ட் ஸ்டேட்மென்ட் போட்டால் நேரக் கணக்கு மாறி, பிழை மறைந்தே போகலாம்.

"ஒரே பிராசஸர் இருந்தால் வராதே?" என்று சிலர் கேட்பதுண்டு. வரும். ஆபரேட்டிங் சிஸ்டம் நினைத்த நேரத்தில் ஒரு திரெட்டை நிறுத்தி இன்னொன்றை ஓட விடும். படித்த பிறகு, எழுதுவதற்கு முன் நிறுத்தினால் போதும். "கூட்டுவதற்கு ஒரே இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கிறதே?" என்றால், இன்டெல் வகை பிராசஸரில் மெமரியில் நேரடியாக ஒன்று கூட்டும் இன்ஸ்ட்ரக்ஷன் இருப்பது உண்மை. ஆனால் லாக் என்ற முன்னொட்டு இல்லாமல் அது பல கோர்களுக்கு நடுவே பிரிக்க முடியாத வேலையாக இராது. தவிர, 2011-ல் வந்த சி, சி பிளஸ் பிளஸ் தரவிதிகள் இரண்டும் இத்தகைய மோதல் உள்ள புரோகிராமுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று சொல்லிவிட்டன.

4. முதல் மதிப்பு போடும் நேரம்

சி மொழியில் ஸ்டாட்டிக் வேரியபிளின் முதல் மதிப்பு மாறிலியாக இருக்க வேண்டும். அது புரோகிராம் தொடங்கும் முன்பே மெமரியில் உட்கார்ந்துவிடும். ஆகவே அங்கே பிரச்சினை இல்லை. சி பிளஸ் பிளஸில் முதல் மதிப்பாக ஒரு ஃபங்ஷன் கொடுக்கும் விடையையே போடலாம். ஒரு ஆப்ஜெக்டையும் உருவாக்கலாம். அந்த வேலை, ஃபங்ஷனின் அந்த வரிக்கு முதல் தடவை வரும்போதுதான் நடக்கும்.

சரி, முதல் தடவையே இரண்டு திரெட் ஒன்றாக வந்தால்? இரண்டும் "இன்னும் உருவாகவில்லை" என்று நினைத்து இரண்டு முறை உருவாக்கலாம். அல்லது ஒன்று பாதி கட்டிய ஆப்ஜெக்டை மற்றொன்று எடுத்துப் பயன்படுத்தலாம். 1998-ல் வந்த சி பிளஸ் பிளஸ் தரவிதியில் திரெட் என்ற பேச்சே கிடையாது. அதனால் இதற்கு விடையும் கிடையாது. சி பிளஸ் பிளஸ் 11 தான் தீர்த்து வைத்தது: ஒரு திரெட் முதல் மதிப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போது மற்றொன்று வந்தால், வேலை முடியும் வரை அது காத்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் இது விஷுவல் ஸ்டுடியோ 2015-ல்தான் வந்தது. அதற்கு முந்திய கம்பைலரில் எழுதிய பழைய கோட் கைக்கு வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

கம்பைலர் இதை எப்படிச் செய்கிறது? வேரியபிளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காவல் கொடி வைக்கிறது. "முடிந்தது" என்று கொடி காட்டினால் நேராக உள்ளே போகலாம். இல்லையென்றால் லாக் எடுத்து ஒருவர் மட்டும் வேலையை முடிக்க, மற்றவர்கள் வாசலில் நிற்பார்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "சி பிளஸ் பிளஸ் 11-ல் ஸ்டாட்டிக் லோக்கல் திரெட் சேஃப்" என்று எங்கோ படித்துவிட்டு, நம் பண்டல் நம்பர் ஃபங்ஷனும் பத்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த உத்தரவாதம் பிறக்கும் நேரத்துக்கு மட்டும்தான். பிறந்த பிறகு அதன் மதிப்பை மாற்றுவதற்குக் கம்பைலர் காவல் நிற்காது. 41-ம் 42-ம் கதை சி பிளஸ் பிளஸ் 11-லும் அப்படியே நடக்கும்.

5. லைப்ரரிக்குள் ஒளிந்திருப்பவை

"நான் ஸ்டாட்டிக்கே எழுதுவதில்லை, எனக்கென்ன?" என்று சொல்ல முடியாது. நாம் தினமும் கூப்பிடும் ஃபங்ஷன்களுக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கலாம்.

எஸ்டிஆர்டோக் என்ற ஃபங்ஷன் ஒரு வாக்கியத்தைச் சொற்களாக வெட்டித் தரும். முதல் தடவை வாக்கியத்தைக் கொடுப்போம். அடுத்த தடவை நல் என்று கொடுப்போம். எங்கே விட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்? உள்ளே ஒரு நிலையான பாயின்டரில் ஞாபகம் வைத்திருக்கிறது. இரண்டு திரெட் வெவ்வேறு வாக்கியத்தை வெட்டினால், ஒருவர் வாக்கியத்தின் வால் இன்னொருவர் கையில் வரும். திரெட்டே இல்லாமல்கூட, வரியை வெட்டும் லூப்புக்குள் சொல்லை வெட்ட இன்னொரு எஸ்டிஆர்டோக் போட்டால் குழப்பம்தான்.

தேதி தரும் லோக்கல்டைம், சிடைம், அஸ்கிடைம் ஃபங்ஷன்களும் இதே சாதி. விடையை ஒரு பொது இடத்தில் எழுதிவைத்து, அந்த இடத்தின் முகவரியைத்தான் தருகின்றன. நீங்கள் அதைப் படிக்கும் முன் வேறொரு திரெட் அதே ஃபங்ஷனைக் கூப்பிட்டால் உங்கள் இன்வாய்ஸில் அவர் கேட்ட தேதி விழலாம்.

1995-ல் போசிக்ஸ் திரெட் தரவிதி வந்தபோது இவற்றுக்கு மாற்றாகப் பெயரின் கடைசியில் ஒரு அடிக்கோடும் ஆர் எழுத்தும் சேர்த்துப் புதிய ஃபங்ஷன்கள் கொடுத்தார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: ஞாபகம் வைக்கும் இடத்தைக் கூப்பிடுபவரே கொடுக்க வேண்டும். பிழை எண்ணை வைத்திருக்கும் எர்நோ முதலில் எல்லோருக்கும் பொதுவான ஒரு வேரியபிளாக இருந்தது. திரெட் வந்த பிறகு ஒவ்வொரு திரெட்டுக்கும் ஒன்று என்று மாற்றினார்கள். மைக்ரோசாஃப்ட் லைப்ரரி எஸ்டிஆர்டோக்குக்கும் இந்த வழியையே எடுத்துக்கொண்டது. இந்த இரண்டு வழிகளையும் கவனியுங்கள், பின்னால் வருகின்றன.

6. எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு

8051 லேபில் திரெட் ஏது என்று ஈசிஇ நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்களுக்கு இன்டரப்ட் இருக்கிறது. மெயின் லூப் ஒரு வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்டரப்ட் குறுக்கே நுழைந்து அதே வேரியபிளைத் தொட்டால் விளைவு ஒன்றுதான்.

நிட்டிங் மெஷினில் ஒரு ரோலுக்கு இத்தனை சுற்று என்று கவுண்டரில் செட் செய்வார்கள். சென்சார் ஒரு சுற்றுக்கு ஒரு இன்டரப்ட் கொடுக்கிறது. இன்டரப்ட் ரொட்டீன் 16 பிட் எண்ணில் ஒன்று கூட்டுகிறது. 8051 ஒரு 8 பிட் சிப். மெயின் லூப் அந்த எண்ணைப் படிக்க இரண்டு பைட்டையும் தனித்தனியாகத்தான் எடுக்க முடியும். எண் 255 ஆக இருக்கும்போது கீழ் பைட்டான 255-ஐப் படித்தாகிவிட்டது. அந்த நேரத்தில் இன்டரப்ட் வந்து எண் 256 ஆகிறது. இப்போது மேல் பைட்டைப் படித்தால் 1. சேர்த்துப் பார்த்தால் 511! மெஷின் சுற்றியது 256. நீங்கள் படித்தது 511. படிக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும் இன்டரப்டை நிறுத்திவைத்துப் பிறகு திறந்துவிடுவதுதான் வழக்கமான வைத்தியம்.

இன்னொரு விஷயம். 8051-ன் ஸ்டாக் மிகச் சிறியது. அதனால் கெய்ல் சி51 கம்பைலர் சாதாரண லோக்கல் வேரியபிளையும் ஸ்டாக்கில் வைக்காமல் நிலையான முகவரியில்தான் வைக்கிறது. அதாவது நீங்கள் ஸ்டாட்டிக் என்று எழுதாவிட்டாலும் லோக்கலுக்கு இருக்கும் இடம் ஒன்றே. ஒரே ஃபங்ஷனை மெயினிலிருந்தும் இன்டரப்டிலிருந்தும் கூப்பிட்டால் மதிப்புகள் கலந்துவிடும். அதற்காகவே ரீஎன்ட்ரன்ட் என்ற தனிச் சொல் அந்தக் கம்பைலரில் இருக்கிறது.

7. மற்ற மொழிகளில்

இந்த எண்ணம் சி மொழியில் பிறந்ததல்ல. 1960-ல் வந்த ஆல்கால் 60 மொழியிலேயே ஓன் என்ற சொல்லைப் போட்டால் அந்த வேரியபிள் மதிப்பை அடுத்த அழைப்பு வரை வைத்திருக்கும். ஃபோர்ட்ரான் 77-ல் சேவ், மேட்லாபில் பெர்சிஸ்டன்ட், பிஎச்பியில் ஸ்டாட்டிக்.

ஜாவாவில் ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக் வைக்க முடியாது, கிளாசில் வைக்கலாம். பிரச்சினை அதே. தேதியை எழுத்தாக மாற்றும் சிம்பிள்டேட்ஃபார்மட் ஆப்ஜெக்டை ஒரு ஸ்டாட்டிக்கில் வைத்துப் பல திரெட் பயன்படுத்தினால் தேதிகள் கலந்துவிடும். 2014-ல் ஜாவா 8 கொடுத்த டேட்டைம்ஃபார்மட்டர் உருவான பிறகு மாறாதது. அதனால் அதைப் பயமின்றிப் பகிரலாம். மாறாத பொருளுக்குச் சண்டை இல்லை என்பது இதில் நமக்குக் கிடைக்கும் பாடம்.

பைத்தானில் ஸ்டாட்டிக் லோக்கல் இல்லை. ஆனால் பாராமீட்டருக்கு முன்னிருப்பு மதிப்பாகக் காலி லிஸ்ட் ஒன்றைப் போட்டால், அந்த லிஸ்ட் ஒரே ஒரு தடவைதான் உருவாகும். ஒவ்வொரு அழைப்பும் அதே லிஸ்டில் சேர்த்துக்கொண்டே போகும். "பைத்தானில்தான் ஜில் என்ற பெரிய லாக் இருக்கிறதே" என்று ஆறுதல் அடைய வேண்டாம். அது பைத்தானின் உள் அமைப்பைக் காப்பதற்கானது. படி, கூட்டு, எழுது என்ற உங்கள் மூன்று வேலையையும் ஒன்றாகக் கட்டிவைப்பதாக அது வாக்குக் கொடுக்கவில்லை. 2024-ல் வந்த 3.13 பதிப்பில் அந்த லாக்கே இல்லாத ஒரு வகையும் சோதனையாக வெளிவந்தது.

ரஸ்ட் மொழி இதில் கறார். மாறக்கூடிய ஸ்டாட்டிக்கைத் தொட வேண்டுமென்றால் அன்சேஃப் என்று நாமே எழுதித்தர வேண்டும். இல்லையென்றால் லாக் அல்லது அட்டாமிக் வகையில் பொதிந்து வைக்க வேண்டும். மற்ற மொழிகளில் சனிக்கிழமை தெரிய வருவது, இங்கே கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிடும்.

8. உயிரோடு விளையாடிய வேரியபிள்

கூலி போனால் கேட்டு வாங்கலாம். அதைவிடப் பெரிதும் நடந்திருக்கிறது. தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் மெஷின்; கனடாவின் ஏஇசிஎல் நிறுவனம் தயாரித்தது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சை அது கொடுத்துவிட்டது. சிலர் அதனால் இறந்தார்கள். நான்சி லெவ்சன், கிளார்க் டர்னர் இருவரும் இதை ஆராய்ந்து 1993-ல் விரிவான கட்டுரை வெளியிட்டார்கள்.

அந்த மெஷினின் புரோகிராமில் பல டாஸ்க்குகள் ஒரே வேரியபிள்களைச் சரியான காவல் இல்லாமல் பகிர்ந்துகொண்டன. 1986-ல் டெக்சாஸில் நடந்த விபத்துகளில், ஆபரேட்டர் திரையில் போட்ட விவரத்தை வேகமாகத் திருத்தியபோது அந்தத் திருத்தம் எல்லா டாஸ்க்குக்கும் போய்ச் சேரவில்லை. பழகாத ஆபரேட்டர் மெதுவாக டைப் செய்தால் பிழை வராது. பழகிய கை வேகமாக ஓடினால்தான் வரும்.

1987 ஜனவரியில் நடந்த விபத்தில் நம் பாடத்துக்கு இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. "சோதனை செய்ய வேண்டும்" என்று காட்டும் ஒரு பைட் வேரியபிளை, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டிக்கொண்டே போனார்கள். பூஜ்யம் இல்லையென்றால் சோதனை நடக்கும். ஒரு பைட்டில் 255-க்கு மேல் இடம் இல்லை. 256-ஆவது தடவை அது பூஜ்யம் ஆகும். சரியாக அந்தக் கணத்தில் ஆபரேட்டர் பட்டனை அழுத்தியதால் சோதனை தவறிப்போனது.

முந்திய மாடலான தெராக்-20-லும் இதே போன்ற புரோகிராம் பிழை இருந்தது. ஆனால் அதில் தனியாக ஹார்டுவேர் பூட்டுகள் இருந்ததால் யாருக்கும் ஆபத்து வரவில்லை, பிழையும் வெளியே தெரியவில்லை. "இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது, அதனால் சரியாகத்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

9. என்ன செய்யலாம்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஞாபகம் யாருக்குச் சொந்தம்? விடையைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

(அ) கூப்பிடுபவருக்குச் சொந்தம் என்றால்: ஸ்டாட்டிக்கை எடுத்துவிட்டு இடத்தைப் பாராமீட்டராக வாங்குங்கள். அடிக்கோடு ஆர் ஃபங்ஷன்கள் செய்வது இதைத்தான். முடிந்த இடத்திலெல்லாம் இதுவே முதல் வழி.

(ஆ) திரெட்டுக்குச் சொந்தம் என்றால்: சி, சி பிளஸ் பிளஸ் இரண்டிலும் 2011 முதல் திரெட் லோக்கல் என்ற வகை உண்டு. ஒவ்வொரு திரெட்டுக்கும் தனிப் பிரதி. தற்காலிக பஃபர், எர்நோ போன்றவற்றுக்கு நல்லது. ஆனால் நம் பண்டல் நம்பருக்கு இதைப் போட்டால் கெட்டது. ஒவ்வொரு டேபிளும் தனித்தனியே 1, 2, 3 என்று ஆரம்பித்து, எல்லா நம்பரும் இரட்டையாகிவிடும்!

(இ) எல்லோருக்கும் பொது, வேலையும் பெரியது என்றால்: மியூடெக்ஸ் என்ற பூட்டு. படிப்பது முதல் எழுதுவது வரை முழுவதும் பூட்டுக்குள் இருக்க வேண்டும். எழுதுவதற்கு மட்டும் பூட்டினால் பயன் இல்லை. பூட்டு வைத்த ஃபங்ஷன் தன்னையே மறுபடி கூப்பிட்டால், சாதாரண மியூடெக்ஸில் தன் பூட்டுக்குத் தானே காத்து நின்றுவிடும்.

(ஈ) எல்லோருக்கும் பொது, வேலை ஒரே ஒரு கூட்டல் என்றால்: அட்டாமிக். படித்து, கூட்டி, எழுதுவதைப் பிரிக்க முடியாத ஒரே வேலையாக அது செய்து, பழைய மதிப்பைத் திருப்பித் தரும். அந்தத் திரும்பிய மதிப்போடு 1 சேர்த்ததுதான் உங்கள் நம்பர். அதை விட்டுவிட்டு, ஒரு வரியில் அட்டாமிக்காகக் கூட்டி அடுத்த வரியில் வேரியபிளைத் திரும்பப் படித்தால், நடுவில் இன்னொருவர் கூட்டியிருப்பார். இரண்டு பேருக்கும் 43 கிடைக்கும்.

(உ) புரோகிராம் முடிந்த பிறகும் வாழ வேண்டும் என்றால்: ஸ்டாட்டிக்கே தப்பான இடம். கரண்ட் போய்த் திரும்பினால் மறுபடி 1-லிருந்து ஆரம்பிக்கும். இரண்டு கம்ப்யூட்டரில் ஓட்டினால் இரண்டுக்கும் தனித்தனி மெமரி. இப்படிப்பட்ட எண்ணை டேட்டாபேஸின் சீக்வென்ஸ் வசதியிடம் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் காலத்துக்கு யூனிக் கட்டுப்பாடும் போட வேண்டும். உண்மையான கம்பெனி வேலையில் பண்டல் நம்பருக்குச் சரியான விடை இதுதான்.

10. லேபில் செய்து பாருங்கள்

இரண்டு திரெட் உருவாக்கி, ஒவ்வொன்றும் நம் பழைய அடுத்த_எண் ஃபங்ஷனை 1,00,000 தடவை கூப்பிடட்டும். கடைசியில் 2,00,000 வர வேண்டும். பல தடவை ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் குறைவாக வரும், ஒவ்வொரு தடவையும் வேறாக வரும்.

அடுத்து கம்பைலரின் ஆப்டிமைசேஷனை ஏற்றிப் பாருங்கள். திடீரென்று 2,00,000 சரியாக வரலாம்! பிழை போய்விடவில்லை. கம்பைலர் லூப்பையே சுருக்கி ஒரே தடவையில் 1,00,000 கூட்டியிருக்கும். மோதுவதற்கு நேரமே கிடைக்கவில்லை. ஜிசிசி, கிளாங் இரண்டிலும் திரெட் சானிடைசர் என்ற வசதி இருக்கிறது. அதை இணைத்து ஓட்டினால், விடை தற்செயலாகச் சரியாக வந்தாலும் மோதும் வரியைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு புதிரும் தருகிறேன். ஆப்டிமைசேஷன் இல்லாமல், படி, கூட்டு, எழுது என்று மூன்று வேலையாக ஓடினால், கடைசியில் வரக்கூடிய மிகக் குறைந்த எண் எது? பலரும் 1,00,000 என்பார்கள். சரியான விடை 2! முதல் திரெட் 0 என்று படித்துவிட்டு நிற்கிறது. இரண்டாவது 99,999 தடவை கூட்டிவிடுகிறது. முதலாவது எழுந்து 1 என எழுதுகிறது. இரண்டாவது தன் கடைசிச் சுற்றுக்கு அந்த 1-ஐப் படித்து நிற்கிறது. முதலாவது தன் மீதி 99,999-ஐயும் முடிக்கிறது. கடைசியாக இரண்டாவது எழுந்து 2 என எழுதுகிறது. பேப்பரில் போட்டுப் பாருங்கள், புரியும்.

வைவாவுக்கு மூன்று கேள்விகள்

கே: ஸ்டாட்டிக் லோக்கலுக்கும் குளோபலுக்கும் லைஃப்டைமில் என்ன வித்தியாசம்?
ப: சி மொழியில் வித்தியாசம் இல்லை. பெயர் தெரியும் இடம்தான் வேறு.

கே: சி பிளஸ் பிளஸ் 11-ல் ஸ்டாட்டிக் லோக்கல் திரெட் சேஃப்தானே?
ப: முதல் மதிப்பு போடுவது மட்டும். அதன் பிறகு மதிப்பை மாற்றுவதற்கு நாம்தான் காவல் போட வேண்டும்.

கே: திரெட் லோக்கல் ஆக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?
ப: தனித்தனியாக வைத்துக்கொள்ளக்கூடிய மதிப்பு என்றால் சரி. எல்லோருக்கும் ஒரே வரிசை எண் வேண்டுமென்றால் தப்பு.

நண்பர்களே, டிப்ளமோ முடித்துவிட்டு நம்மில் பலர் நம் ஊர்க் கம்பெனிகளுக்கான சாஃப்ட்வேர் வேலைக்கும், மெஷின் கன்ட்ரோல் வேலைக்கும் போகப் போகிறோம். அங்கே பழைய கோடை நம் கையில் கொடுப்பார்கள். ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக் என்ற சொல் கண்ணில் பட்டால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இதை யார் யார் கூப்பிடுகிறார்கள், ஒரே நேரத்தில் கூப்பிட முடியுமா, இந்த ஞாபகம் யாருக்குச் சொந்தம் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். 60 பண்டல் தைத்த அக்காவுக்கு 60 பண்டலின் கூலி போய்ச் சேருவது அந்த ஒரு நிமிஷத்தில்தான் இருக்கிறது.